நாலாவது சாவி

அர்சேரா பள்ளத்தாக்கில் நாலு ஊர். நாலு ஊருக்கும் பொதுவாகத் தேவாலயத்தின் பின்னறையில் ஒரு பெட்டகம். அதற்கு நாலு பூட்டு, நாலு சாவி, சாவிக்கு ஒரு வீடு. நாலு வீட்டுக்காரரும் வந்தால்தான் திறக்கலாம். திறந்திருக்கிற வரைக்கும் நாலு பேரும் உள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டும். விளக்கு கூடாது, காகிதம் வெளியே போகக் கூடாது, பொழுது சாய்ந்தால் பூட்டிவிட வேண்டும். யார் போட்ட விதி என்று கேட்காதீர்கள். அதை எழுதிய காகிதமும் பெட்டகத்துக்குள்ளேதான் இருக்கிறது.

நாலாவது சாவி ருசேல் வீட்டுக் கால்தரிக்கிடம் இருந்தது. அவனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மாட்டைப் பார்த்தால் அதன் பாட்டி எந்தத் தொழுவத்தில் பிறந்தது என்று சொல்லுவான், காற்றை மோந்து பனி எப்போது விழும் என்று சொல்லுவான், காகிதத்தைக் கண்டால் மட்டும் கும்பிட்டுவிட்டு ஒதுங்கிவிடுவான். அப்படிப்பட்டவன் ஒன்பது வருஷம், மாதத்துக்கு ஒரு நாள், அந்தக் குளிர்ந்த அறையில் பெஞ்சில் உட்கார்ந்தே தேய்ந்தான். எல்லாம் தம்பியால் வந்த வினை.

தம்பி பெலக்ரி வக்கீல். எங்கள் மலையில் வீடு, நிலம், மாடு அத்தனையும் தலைமகனுக்குத்தான். இளையவனுக்கு ஒரு கோவேறு கழுதையும் அப்பனின் ஆசீர்வாதமும் கிடைக்கும். அதில் கழுதைதான் உருப்படி. பெலக்ரி பன்னிரண்டு வயதில் அந்தக் கழுதையில் ஏறிப் படிக்கப் போனவன், முப்பது வயதில் மூக்குக்கண்ணாடியும் நாலு பெட்டி புத்தகமுமாகத் திரும்பி வந்தான். கழுதை என்ன ஆயிற்று என்று அப்பன் கேட்டாராம். விற்றுப் புத்தகம் வாங்கினேன் என்றானாம். அப்பன் அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

வந்தவன் சும்மா இருந்தானா? ஏழைபாழைகளுக்கு வழக்காடினான். நாற்பது வயதில் பள்ளத்தாக்கின் வரலாற்றை எழுதப் போகிறேன், பெட்டகத்தைத் திறந்துவிடுங்கள் என்று சபையில் கேட்டான். வேறு வேலை இல்லாதவன் என்று ஊர் சிரித்தது. ஆனாலும் கேட்டது முன்னோர்களைப் பற்றி எழுத அல்லவா, மறுக்க முடியவில்லை.

முதல் மாதம் பெஞ்சில் நாலு சாவிக்காரரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மில் வீட்டு நர்சிஸுக்கு வாய் அடங்காது.

"வெளியில வைக்கோல் நனையுது, இங்க நாம செத்தவனுக்குக் காவல் காக்கிறோம். கால்தரிக், உன் தம்பிக்கு ஒரு கல்யாணத்தைப் பண்ணி வச்சிருந்தா இந்தப் பீடை வந்திருக்காதுப்பா."

"எந்தப் பொண்ணு கட்டிக்குவா? மோந்து பாரு, எலிப்புழுக்கை நாத்தம் அடிக்குது" என்றான் கால்தரிக். நாலு பேரும் சிரித்தார்கள். பெலக்ரி ஜன்னலோரம் நின்றபடி, திரும்பிக்கூடப் பார்க்காமல், கையிலிருந்த தோலேட்டைச் சத்தமாக வாசிக்க ஆரம்பித்தான்.

"ருசேல் வீட்டுக் கால்தரிக் ஆகிய நான் சபை முன்னால் சொல்கிறேன். புனித மார்ட்டின் நாளுக்கு மூன்று நாள் முன்பு கரடி வந்து என் செவலைக் கிடாரியைத் தின்றது. அதற்கு ஒரு கொம்பு வளைந்திருக்கும். நல்ல மாடு. சபை எனக்கு ஏதாவது செய்ய வேண்டும்."

கால்தரிக் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டான். "டேய், அது யாருடா? நான் எப்படா சொன்னேன்?"

"நீ இல்லண்ணே. இது எழுதி முன்னூத்திப் பதினாலு வருஷம் ஆச்சு."

அவ்வளவுதான். சிரிப்பு நின்றுவிட்டது. முன்னூறு வருஷத்துக்கு முன்னால் இதே பெயரில் ஒருத்தன், இதே வீட்டில், வளைந்த கொம்புக் கிடாரிக்காக வயிறெரிந்திருக்கிறான். அந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை, தம்பியின் வாய்வழியாக வெளியே வருகிறது. சாமியார் பூசையில் சொல்லுகிற உயிர்த்தெழுதலைக் கால்தரிக் நம்பினான்தான், ஆனால் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். வீட்டுக்கு வந்து பெண்டாட்டி ரெமேயிடம் சொன்னான்: "நம்ம பெலக்ரி செத்தவங்களைப் பேச வைக்கிறான்டி."

"மொதல்ல உயிரோட இருக்கிறவங்ககிட்ட ஒழுங்காப் பேசச் சொல்லுங்க. நேத்து சூப் உப்பா இருந்துச்சான்னு கேட்டா, புத்தகத்தைப் பார்த்துக்கிட்டே ஆமென்னு சொல்றாரு" என்றாள் ரெமேய்.

அதற்குப் பிறகு மாதாமாதம் சாவியை எடுத்துக்கொண்டு முதலில் போய் நிற்பவன் கால்தரிக்தான். மற்றவர்கள் பெஞ்சில் சீட்டாடுவார்கள். இவன் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு தம்பியின் முதுகையே பார்த்துக்கொண்டிருப்பான். ஒரே தாய் வயிற்றில் பிறந்தவன், ஒரே கட்டிலில் படுத்தவன், மாட்டைக் கண்டால் பயந்து தன் பின்னால் ஒளிந்தவன். இவனுக்குள் இத்தனை பேர் எங்கேயிருந்து வந்து குடியேறினார்கள் என்று அவனுக்கு மலைப்பாக இருக்கும்.

நாலாவது வருஷத்தில் பள்ளத்தாக்கு பெலக்ரியையே சபைத் தலைவர் ஆக்கியது. பெட்டகத்தில் சிதறிக் கிடந்த பழைய சட்டங்களை எல்லாம் திரட்டி அறுபத்திரண்டு விதிகளாக எழுதி, சதுக்கத்தில் நின்று ஒவ்வொன்றாக வாசித்தான். ஊர் கைதூக்கி ஏற்றுக்கொண்டது. அதில் முப்பத்தொன்றாவது விதி இது: எல்லைக் கல்லை நகர்த்திய வீடு, குற்றம் தெரிய வந்த நாளிலிருந்து மூன்று தலைமுறைக்குச் சாவி வைத்திருக்கக் கூடாது, சபையில் உட்காரக் கூடாது. அதை வாசித்தபோது எல்லாரையும்விட உரக்க "சரி" என்று சொன்னவன் நர்சிஸ். கால்தரிக்கும் கை தூக்கினான், ஆனால் கொஞ்சம் தாமதமாக.

அடுத்துத்தான் வழக்கு வந்தது. கீழே இருக்கிற தோர்லா ஊர்க்காரர்கள், மேல்மலை மேய்ச்சல் முழுக்கத் தங்களுடையது என்று நகரத்து நீதிமன்றத்துக்குப் போனார்கள். மேல்மலை போனால் எங்கள் நாலு ஊரும் மூட்டை கட்ட வேண்டியதுதான். கோடையில் மாடு எங்கே மேயும்? பத்திரம் காட்டு என்றது நீதிமன்றம். பெலக்ரி பெட்டகத்தைக் குடைந்தான். இரண்டு வருஷம் குடைந்து, ஒன்பதாவது வருஷத்து மார்ச் மாதத்தில், ஒரு மத்தியானம், அடித்தட்டில் மடிந்து கிடந்த எழுநூறு வருஷத்துத் தோலேடு ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். அவன் குரலே மாறிவிட்டது.

"மூன்று ஊற்று பிறக்கும் இடத்தில் நிற்கும் சிலுவைக் கல் தொடங்கி, நேர் மேலே முகடு வரைக்கும், புல்லும் நீரும் கல்லும் அர்சேரா மக்கள் அனைவருக்கும் பொது. ஒருவனுக்கும் தனியல்ல."

நர்சிஸ் எழுந்து பெலக்ரியைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். மற்ற இருவரும் அழுதுவிட்டார்கள். கால்தரிக் மட்டும் பெஞ்சை விட்டு எழவில்லை.

ஏனென்றால் மூன்று ஊற்று எங்கே என்று அந்த மலையில் அவன் ஒருத்தனுக்குத்தான் தெரியும். கரடிமேடு என்று ருசேல் வீட்டுக்கு ஒரு புல்வெளி உண்டு. மேல்மலையிலேயே அதுபோல் புல் கிடையாது. அந்த வீடு வாழ்வதே அதனால்தான். அங்கே ஒரு கல்தொட்டியில் ஒரே ஒரு ஊற்று விழும். அப்பன் சாகக் கிடந்தபோது தலைமகனை மட்டும் கூப்பிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னார். "தொட்டிக்கடியில ஊத்து மூணுடா. ரெண்டை நம்ம பெரிய பாட்டன் கல்லைப் போட்டு அடைச்சாரு. அங்க ஒரு சிலுவைக் கல்லு நின்னுச்சு. அதைக் கவுத்துக் குடிசைக்கு வாசப்படி ஆக்கினாரு. பொதுப் புல்லு சொந்தப் புல்லாச்சு. இது தலைமகனுக்கு மட்டும் சொல்ற விஷயம். இளையவன்கிட்ட மூச்சு விடாதே, அவன் வாய் வக்கீல் வாய்."

அதனால்தான் ஒன்பது வருஷம் காகிதம் காகிதமாகத் தேடியவனுக்கு அது தெரியவில்லை. காகிதத்தில் இல்லாததும் சில வீடுகளில் உண்டு.

பெலக்ரி படியெடுத்து அனுப்பியதற்கு நீதிமன்றம் ஒரே வரியில் பதில் எழுதியது: பத்திரம் நன்று, கல் எங்கே? மே மாதக் கடைசியில் நீதிபதி நேரில் வருவார். அதற்குள் சிலுவைக் கல்லைக் காட்டாவிட்டால் மலை தோர்லாவுக்கு.

பெலக்ரி மலை ஏறத் தொடங்கினான். நகரத்து மெல்லிய சப்பாத்தோடு, மூச்சிரைக்க, பாறை பாறையாகத் தேடினான். ஒரு நாள் சாப்பாட்டில் கேட்டே விட்டான்: "அண்ணே, இந்த மலையில உனக்குத் தெரியாத ஊத்து உண்டா? மூணும் ஒரே இடத்துல, எங்கயாவது?"

"தெரியலைடா" என்றான் கால்தரிக்.

ரெமேய் புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். முப்பது வருஷக் குடித்தனத்தில் அவன் பொய் சொல்லி அவள் கேட்டதில்லை. பிறகு கறுப்பு ரொட்டியை நறுக்கிக்கொண்டிருந்தாள்.

கால்தரிக் கணக்குப் போட்டுப் பார்த்தான். சொன்னால் கரடிமேடு போகும். இருபத்திரண்டு மாட்டுக்கும் கட்டாந்தரைதான். சாவி போகும். அதோடு நிற்குமா? தம்பியும் ருசேல் வீட்டுப் பிள்ளைதானே, தலைவர் பதவியும் போகும். தான் எழுதிய சட்டத்தாலேயே போகும். சொல்லாவிட்டால் நாலு ஊர் போகும். மனுஷன் திருடனுக்குத் தேள் கொட்டியது போலத் திரிந்தான்.

மே மாதம் இரண்டாவது வாரம், நல்ல வெயில். கரடிமேட்டில் வேலியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, தம்பி நொண்டிக்கொண்டு ஏறி வருவதைக் கால்தரிக் பார்த்தான். வந்தவன் நேராகக் குடிசைக்குப் போய் வாசற்படியில் பொத்தென்று உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றினான். குதிகால் இரண்டும் தோலுரிந்து ரத்தம்.

"முடியலண்ணே. இருக்கிற இடமெல்லாம் பார்த்தாச்சு. நீதிபதி முன்னால கையை விரிக்க வேண்டியதுதான். இத்தனை வருஷம் படிச்சு என்ன பிரயோஜனம்? ஒரு கல்லைக் கண்டுபிடிக்கத் துப்பில்லாதவன்."

கால்தரிக் தொட்டியிலிருந்து தண்ணீர் மொண்டுவந்து கொடுத்தான். தம்பி குடித்தான். அந்தக் கால்களைப் பார்க்க முடியவில்லை அவனுக்கு.

"எந்திரிடா" என்றான்.

"ஏன்?"

"எந்திரின்னா எந்திரி. நீ உக்காந்திருக்கியே, அதைப் புரட்டணும்."

கடப்பாரையை அடியில் கொடுத்து இருவருமாக நெம்பினார்கள். கல் புரண்டது. மண்ணும் புழுவும் உதிர்ந்ததும் நடுவில் சிலுவை, ஒரு முழம், உளியின் தடம்கூட மழுங்கவில்லை. பெலக்ரி முழங்காலிட்டு உட்கார்ந்து இரண்டு கையாலும் அதைத் தடவினான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். சின்னப் பிள்ளை சிரிப்பு.

"எழுநூறு வருஷம்ணே. இதை வெட்டினவன் கை இங்கதான் இருந்திருக்கு. இதோ, இந்த எடத்துல உளி வழுக்கியிருக்கு பாரு. தெரியுதா?"

"பைத்தியமே, இதுக்கு என்ன அர்த்தம்னு உனக்குப் புரியுதாடா? முப்பத்தொண்ணு."

"புரியுது. எழுதினவனே நான்தானே" என்றான் பெலக்ரி. சிரிப்பு நின்றது.

கால்தரிக் பக்கத்தில் குந்தினான். "நான் ஒரு வழி யோசிச்சு வச்சிருக்கேன். தொட்டியைப் பிரிச்சு ஊத்தைத் திறந்துவிடுவோம். கல்லை அங்க கொண்டுபோய்ப் போட்டு மண்ணைத் தள்ளுவோம். தோண்டினப்ப கிடைச்சுதுன்னு சொல்லு. யார் கவுத்தாங்க, எப்பக் கவுத்தாங்கன்னு யாருக்குத் தெரியும்? புல்லு போகட்டும், போறது போறதுதான். உன் நாற்காலியாவது மிஞ்சும்."

பெலக்ரி உடனே மறுக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "நல்ல வழிதான்ணே. அந்தப் பெட்டகத்துல பொய்க் காகிதமும் இருக்கு, தெரியுமா? பதினோரு பொய் பிடிச்சிருக்கேன். ஒவ்வொண்ணையும் எழுதினவன் கெட்டவன் இல்ல. தம்பிக்காக, பொண்டாட்டிக்காக, ஊருக்காகத்தான் எழுதியிருக்கான். நான் நூறு வருஷம் கழிச்சு வந்து அவனை அசிங்கப்படுத்தறேன்."

"அப்ப என்னதான்டா சொல்ற?"

"நான் ஒண்ணும் சொல்லல. வீட்டுக்குத் தலைமகன் நீ, சாட்சியும் நீ. அன்னைக்கு நான் கேப்பேன். நீ எதைச் சொன்னாலும் எழுதிக்குவேன். வீட்ல அதைப் பத்தி ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

எழுந்து சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு இறங்கிப் போனான். கால்தரிக் கல்லைப் பழையபடி கவிழ்த்துப் போட்டான்.

நீதிபதி வந்த அன்று நாலு ஊரும் கரடிமேட்டில் கூடியிருந்தது. தோர்லாக்காரர்களும் வக்கீலோடு வந்திருந்தார்கள். எங்களில் எல்லைச் சாட்சி சொல்லுகிறவன், அந்த நிலத்துப் புல்லை மண்ணோடு பெயர்த்துத் தலையில் வைத்துக்கொண்டுதான் பேச வேண்டும். பொய் சொன்னால் சாகும் நேரத்தில் அந்த மண் நெஞ்சில் ஏறும், உயிர் பிரியாது என்பார்கள். கால்தரிக் தொப்பியைக் கழற்றினான். நர்சிஸ்தான் புல்கட்டியை வெட்டி அவன் தலையில் வைத்தான். ஈர மண் நெற்றியில் வழிந்தது.

பெலக்ரி தலைவருக்கு உரிய கறுப்பு அங்கியோடு எதிரே வந்து நின்றான். முகத்தில் ஈயாடவில்லை.

"சாட்சியின் பெயர்?"

"கால்தரிக்."

"வீடு?"

"ருசேல். உங்க வீடுதான்." கூட்டத்தில் ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள்.

"மூன்று ஊற்று எங்கே?"

"இந்தத் தொட்டிக்கடியில."

"சிலுவைக் கல்?"

"அதோ, அந்தக் குடிசைக்கு வாசப்படி."

நாலு ஆட்கள் போய்ப் புரட்டிப் பார்த்துவிட்டு ஆமென்று கத்தினார்கள். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நீதிபதிக்கு வேண்டியது கிடைத்துவிட்டது, எழுத்தர் பேனாவைக்கூடக் கீழே வைத்துவிட்டார். தோர்லா வக்கீலுக்கும் கேட்க ஒன்றுமில்லை. அடுத்த கேள்வியைக் கேட்கும்படி பெலக்ரியை யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

அவன் கேட்டான். "கல் நின்ற இடத்திலிருந்து அதை எடுத்தது யார்?"

கால்தரிக் தம்பியின் முகத்தைப் பார்த்தான். அந்த முகம் கெஞ்சவும் இல்லை, மிரட்டவும் இல்லை. பெட்டகத்து ஜன்னலோரத்தில் தோலேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பானே, அதே முகம். அடுத்த வரியில் என்ன இருந்தாலும் வாசித்துவிடுகிற முகம். இப்படி ஒருத்தனைத் தன் தாய் பெற்றாளே என்று கால்தரிக்குக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"எங்க பெரிய பாட்டன்" என்றான். "நாலு தலைமுறையா எங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். தலைமகன்கள் சொல்லாம இருந்தோம். இவனுக்குத் தெரியாது, இளையவன்கிட்ட சொல்றதில்ல."

பெலக்ரி எழுத்தரிடம் திரும்பினான். "எழுதிக்கொள்ளுங்கள்" என்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான். எழுதி முடித்ததும் அங்கியைக் கழற்றி, நிதானமாக மடித்து, நர்சிஸின் கையில் கொடுத்தான். "முப்பத்தொன்றாவது விதி" என்றான். நர்சிஸ் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

மலை எங்களுக்கே தீர்ப்பாயிற்று. அன்று சாயங்காலமே நாலாவது சாவி வேறு வீட்டுக்குப் போனது. வீட்டுக்கு வந்தவனிடம் ரெமேய் கேட்டாள்: "எத்தனை வருஷமாத் தெரியும்?"

"அப்பன் செத்ததிலேர்ந்து."

"அந்தப் புல்லுல மேஞ்ச மாட்டுப் பாலைத்தான் என் பிள்ளைங்களுக்குக் கொடுத்தேன்" என்றாள். புருஷன் தலைமுடியில் ஒட்டியிருந்த மண்ணை ஈரத்துணியால் துடைத்துவிட்டாள்.

ஜூன் மாதத்தில் மாடுகளை மேலே ஏற்றும் நாள் வந்தது. பொது மேய்ச்சலில் யாருக்கு எந்தத் திடல் என்று சீட்டுக் குலுக்கிப் போடுவது வழக்கம். கரடிமேடு மில் வீட்டுக்கு விழுந்தது. ருசேல் வீட்டுக்கு ஓடைக்கு அந்தப் பக்கம், கல்லும் முள்ளுமான சரிவு.

விடிகாலையில் நாலு ஊர் மாடும் மணியோசையோடு ஏறின. கால்தரிக் தன் மாடுகளை ஓடைப் பக்கம் திருப்பினான். ஒன்றும் திரும்பவில்லை. பிறந்ததிலிருந்து பழகிய வழி, நேராகக் கரடிமேட்டுக்கு நடந்தன. மாட்டுக்கு யார் போய்த் தீர்ப்பை வாசித்துக் காட்டுவது? முன்னால் போகிற கிழப்பசு வேலித் திறப்பில் வந்து நின்று, ஏன் திறக்கவில்லை என்பது போல அவனைப் பார்த்தது. கோலை ஓங்கினான். அடிக்கக் கை வரவில்லை.

ஊர் முழுக்க நின்று பார்த்துக்கொண்டிருந்தது. நர்சிஸ் மெதுவாகப் பக்கத்தில் வந்தான். "விடுப்பா. இன்னைக்கு ஒரு நாள் மேயட்டும். நான் ஒண்ணும் சொல்லல."

"சீட்டு சீட்டுதான்" என்றான் கால்தரிக். ஆனால் கால் நகரவில்லை.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு பெலக்ரி வந்தான். தலைவரும் இல்லை இப்போது, சாவிக்காரன் தம்பியும் இல்லை. வக்கீல் கோட்டும் அந்த மெல்லிய சப்பாத்தும் மட்டும் மாறவில்லை. மாட்டைக் கண்டால் இன்றைக்கும் பயம்தான் அவனுக்கு. நேராக வேலித் திறப்பில் போய் நின்று, கிழப்பசுவின் கொம்புக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்தான்.

"போ தாயே. இது நம்மளோடது இல்ல" என்றான்.

பசு அவன் கோட்டை மோந்தது. ஒரு முறை கத்தியது. பிறகு தலையைத் தாழ்த்தி ஓடைப் பக்கம் திரும்பியது.

தீர்ப்பன்று அழாத கால்தரிக், சாவியைக் கொடுத்தபோது அழாத கால்தரிக், ஊர் பார்க்க அழுதுகொண்டே போய்த் தம்பிக்குப் பக்கத்தில் நின்று தானும் கையை விரித்தான். இருபத்திரண்டு மாட்டையும் ஒவ்வொன்றாகத் திருப்பி முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது.